டீச்சரைக் கேளுங்கள்: மழையில்லாத இடியும் பத்தனைத் தீயும்

போன இதழில் கலிபோர்னியாவின் சாந்தா குரூஸில் இருக்கும் என் மகளைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். 2020 ஆகஸ்டில் காட்டுத்தீக்குப் பயந்து, ஒரு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டைப் பூட்டிவிட்டு ஓடிய கதை. அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பரீட்சை, பாடத்திட்டம் பற்றிய கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, இந்த மாதம் முழுக்க இதற்கே தருகிறேன். ஊவா மலைகள் காய்ந்து கிடக்கும் இந்த ஆகஸ்டில் பேச வேண்டிய விஷயமும் இதுதான்.

கலிபோர்னியாக் கரையோரம் நுவரெலியா மாதிரிக் குளிர் என்று நீங்களே எழுதினீர்கள். கோடையிலும் சுவெட்டர் போடுகிற ஊரில் காடு எப்படி டீச்சர் பற்றும்? இடி விழுந்துதான் பற்றியது என்றால் மழை எங்கே போனது?
– வாசகி, பொகவந்தலாவை

தங்கச்சி, இதே கேள்வியைத்தான் நானும் அன்று மகளிடம் கேட்டேன்.

2019 ஜூனில் அவளுடைய பிரசவத்துக்குப் போய் மூன்று மாதம் அங்கே இருந்தேன். வெயில் காலம் என்று பருத்திச் சேலையாக அடுக்கிக்கொண்டு போனவள், முதல் வாரமே அவளுடைய கம்பளிச் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டேன். காலையில் கதவைத் திறந்தால் எதிர்வீடு தெரியாது. பனிமூட்டம் கலையப் பதினொரு மணியாகும். அப்புத்தளையில் பிறந்து வளர்ந்த எனக்கு அது அந்நியமாகவே இல்லை. கடலில் கால் நனைத்தபோதுதான் திடுக்கிட்டேன்: மார்கழிக் காலையில் பீலியில் விழும் ஊற்றுத் தண்ணீரில் முகம் கழுவினால் விறைக்குமே, அப்படி விறைத்தது.

அந்தக் குளிர்ந்த கடல்தான் எல்லாவற்றுக்கும் காரணம். அந்தக் கரையோரம் காற்று மேல்நீரைக் கரையிலிருந்து அப்பால் தள்ளிவிட, ஆழத்திலிருக்கும் குளிர்நீர் மேலே வருகிறது. அதன்மேல் தவழ்ந்து வரும் காற்று குளிர்ந்து பனிமூட்டமாகிறது. அதற்கு மேலே, சில நூறு மீற்றர் உயரத்தில், சூடான வறண்ட காற்று பானைக்கு மூடி போட்டதுபோல் படுத்துக் கிடக்கிறது. மூடி இருக்கும்வரை கீழ்க்காற்று மேலெழும்பி இடிமேகமாக முடியாது. ஆகவே அங்கே கோடையில் இடிச் சத்தம் கேட்டால் சனங்கள் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பார்கள். மழை என்பது அவர்களுக்கு நவம்பரிலிருந்து மார்ச் வரை. அதற்குப் பிறகு அடுத்த குளிர்காலம் வரை பெயருக்குத்தான் தூறும்.

பிக் பேசின் காட்டுக்கு ஒருநாள் கூட்டிப்போனார்கள். 1902இல் உண்டான, கலிபோர்னியாவின் மிகப் பழைய மாநிலப் பூங்கா. வானம் மழை பெய்யவில்லை. ஆனால் ரெட்வுட் மரத்தடியில் நின்றால் தோளில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். பனிமூட்டம் இலையில் ஒட்டி நீராகி விழுகிறது. அந்த மரங்கள் ஓர் ஆண்டில் குடிக்கும் நீரில் மூன்றில் ஒரு பங்குவரை இந்தப் பனியால் வருவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். பட்டையில் கைவைத்துப் பார்த்தேன், தும்பு மெத்தை மாதிரி மெதுவாக இருந்தது. இந்தக் காடு எரியும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

நான் கவனிக்கத் தவறியது ஒன்று. பனி நனைப்பது தாழ்ந்த பகுதிகளைத்தான். பனிக்கு மேலே தலைநீட்டும் முகடுகள் மே மாதத்திலிருந்து வெயிலில் காய்ந்துகொண்டே இருக்கின்றன. கீழே ஈரம், மேலே சருகு.

2020 ஆகஸ்ட் நடுவில் கலிபோர்னியா முழுவதும் கடும் வெப்பம். 16ஆம் திகதி மரணப் பள்ளத்தாக்கில் 54.4 பாகை செல்சியஸ் பதிவானது. அதே நாட்களில் மெக்சிகோவுக்கு மேற்கே கடலில் ஃபவுஸ்டோ என்ற வெப்பமண்டலப் புயல் ஓய்ந்து போனது. புயல் ஓய்ந்தாலும் அதன் ஈரம் ஓயவில்லை. உயரத்தில், அந்த மூடிக்கு மேலாகவே, வடக்கே நகர்ந்து வந்து இடிமேகம் கட்டியது. மேகத்தின் அடி அவ்வளவு உயரத்தில் இருந்ததால், அதிலிருந்து விழுந்த மழை வறண்ட காற்றில் பாதிவழியிலேயே ஆவியாகிவிட்டது. மின்னல் மட்டும் தரைக்கு வந்து சேர்ந்தது. உங்கள் மழை அங்கேதான் போனது, தங்கச்சி.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணி, தேயிலைச் சாயம் ஊற்றிக்கொண்டிருந்தேன். அங்கே விடியற்காலை நாலு. மகள் கூப்பிட்டாள். "அம்மா, இங்க இடி இடிக்குது! நம்ம ஊரு மாதிரியே இடிக்குது. ஆனா ஒரு சொட்டு மழை இல்ல." அவ்வளவு சந்தோஷம் அவள் குரலில். ஒன்பது வருடமாக இடிச் சத்தம் சரியாகக் கேட்காதவள். நானும் "பிள்ளையைத் தூக்கிக் காட்டு" என்றேன். முப்பத்திரண்டு வருடம் புவியியல் படிப்பித்தவளுக்கு அந்த நேரம் ஒன்றும் தோன்றவில்லை. இப்போது நினைத்தாலும் நெஞ்சு உறுத்துகிறது.

மூன்று நாளில் ஏறத்தாழ 12,000 மின்னல்கள் தரையைத் தொட்டன. 650க்கும் மேற்பட்ட இடங்களில் தீ. அவள் ஊருக்கு மேலே மலைக்காட்டில் சின்னச் சின்னதாகப் புகைந்துகொண்டிருந்த தீக்கள், 18ஆம் திகதி இரவு காற்று மாறியதும் ஒன்றோடொன்று கைகோத்துவிட்டன. 20ஆம் திகதி அவள் பகுதியிலும் வெளியேறச் சொன்னார்கள். காரில் ஏறும்போது எடுத்த படத்தை எனக்கு அனுப்பினாள். கண்ணாடியின்மேல் ஒரு ரெட்வுட் இலைக்கொத்து, ஒவ்வொரு ஊசியும் அப்படியே இருக்க, முழுக்கக் கரி. பல கிலோமீற்றர் பறந்து வந்திருக்கிறது. விரல் பட்டதும் மாவாய்ப் போயிற்றாம்.

அந்த ஒரு தீயில் மட்டும் 86,500 ஏக்கர் எரிந்தது. ஒருவர் இறந்தார். எரிந்த கட்டடங்கள் 1,500க்குச் சற்றுக் குறைவு. பிக் பேசினில் நான் மதியச் சோறு சாப்பிட்ட இடத்துக்குப் பக்கத்தில் இருந்த பழைய மரக் கட்டடமும் போய்விட்டது.

அமெரிக்காவில் ஹெலிகொப்டர் இல்லையா, ஆள் இல்லையா? ஏன் உடனே அணைக்கவில்லை?
– வாசகர், மஸ்கெலியா

அணைத்தார்கள் தம்பி. அந்த 650இல் பெரும்பாலானவை பெரிதாகாமலே அடங்கின. ஆனால் எல்லாம் மூன்றே நாளில், ஏறத்தாழ ஒரே நேரத்தில் மூண்டவை. எந்தத் தீயணைப்புப் படையும் ஒரே சமயத்தில் அத்தனை மலைமேல் ஏற முடியாது. தப்பியவற்றில் வடக்கே கரையோர மலைத்தொடரில் மூண்ட சில பத்துத் தீக்கள் ஒன்றாகி, பத்து இலட்சம் ஏக்கரைத் தாண்டின. பதுளை மாவட்டத்தையும் நுவரெலியா மாவட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்தால் எவ்வளவோ, அதைவிடக் கொஞ்சம் குறைவு. செப்டம்பர் 9ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில் புகை சூரியனை மறைத்து, பகலிலேயே வானம் செம்மஞ்சளாகித் தெருவிளக்குகள் எரிந்தன. அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிர் மலையில் ஒவ்வொரு ஆகஸ்டும் பத்தனைப் புல்வெளி எரிகிறது. அதே நேரம் ஹட்டனில் மாமா வீட்டில் அடைமழை. ஒரே மலைநாடுதானே டீச்சர்? நம் தீயும் இடியால்தான் வருகிறதா?
– உயர்தர மாணவன், பண்டாரவளை

நல்ல கேள்வி மகன். மாமா வீட்டு மழையும் உங்கள் ஊர்த் தீயும் ஒரே காற்றின் வேலை.

தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துவந்து மேற்குச் சரிவில் முட்டுகிறது. வட்டவளை, ஹட்டன், கினிகத்தேனை எல்லாம் அதில் நனைகின்றன. வட்டவளையில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்யும். ஈரத்தை அங்கே கொட்டிவிட்டு மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும் காற்று, இறங்க இறங்கச் சூடேறி வறண்டு போகிறது. மட்டக்களப்பார் கச்சான் என்பது இந்தக் காற்றைத்தான். நம் தோட்டத்து லய வீடுகளில் ஆடிக்காற்று என்போம். தகரத்தைப் பிடுங்கிக்கொண்டு போகும். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு ஒரு தனி வாசனை வருகிறதே, இஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், சீசன் தேயிலை என்று கொண்டாடுவார்களே, அதைக் கொடுப்பதும் இந்தக் காற்றுத்தான். கொழுந்துக்கு மணம் கொடுக்கும் அதே காற்று பத்தனையின் மானாப் புல்லைச் சருகாக்குகிறது. மேற்குச் சரிவுக்கு இந்த நிலை ஜனவரியிலிருந்து மார்ச் வரை வரும்; அப்போது அவர்கள் பக்கம் எரியும், நம் பக்கம் பரவாயில்லை.

இடி விஷயம் வேறு. நமக்கு இடி மின்னல் அதிகம் வருவது இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட காலங்களில்: மார்ச் கடைசியிலிருந்து மே வரை, பிறகு ஒக்டோபர், நவம்பர். மதியம் தாண்டி மேகம் கறுத்து, நாலு மணிக்கு இடிக்கும். ஆனால் நம் இடி மழையோடு வருகிறது. ஒரு மரத்தில் தீ பிடித்தாலும் பின்னாலேயே மழை அணைத்துவிடும். பத்தனை எரிகிற ஆகஸ்டில் நம் ஊரில் இடியே அபூர்வம். அப்படியானால் தீ எங்கிருந்து வருகிறது? மனிதக் கையிலிருந்து. மாட்டுக்குப் புல் முளைக்க வைப்பது, வேட்டைக்கு வைப்பது, தேன் எடுக்கப் போனவர் விட்டுவந்த பந்தம், குப்பை எரித்த நெருப்பு, மலையேற வந்தவர்கள் தண்ணீர் ஊற்றாமல் போன அடுப்பு, அணைக்காத பீடி.

எனக்குப் பத்து வயதிருக்கும். அப்பா தோட்டத்தில் காவல்காரர். ஓர் இரவு மேட்டு லயத்துக்கு மேலே பத்தனையில் தீக்கோடு ஒன்று கார்த்திகை விளக்கு வரிசை மாதிரி மலையைச் சுற்றி நகர்ந்தது. பிள்ளைகள் நாங்கள் கைகொட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆண்கள் மண்வெட்டியோடு ஏறிப் புல்லைச் செதுக்கி மண் தெரிகிற மாதிரி அகலமாக ஒரு பாதை வெட்டினார்கள். மற்றவர்கள் பச்சைச் சவுக்குக் கிளையை முறித்து அடித்தார்கள். ஓங்கி அடிக்கக் கூடாது, தீப்பொறி பறக்கும். கிளையை வைத்து அழுத்தி இழுக்க வேண்டும் என்று அப்பா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. விடியும்போது இறங்கி வந்தார். ஒரு பக்கப் புருவம் முழுக்கப் பொசுங்கியிருந்தது. அம்மா தேங்காய் எண்ணெய் தடவினார்.

யார் வைத்த தீ என்று அப்பாவுக்குத் தெரியும். எங்கள் லயத்திலேயே இரண்டு மாடு வைத்திருந்தவர். அப்பா கடைசிவரை துரையிடம் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. அந்த மனிதரிடம் மட்டும் ஒருநாள் போய்ப் பேசிவிட்டு வந்தார். பிறகு அந்தப் பக்கம் எரியவில்லை.

கலிபோர்னியாவில் அந்த இரவு வானம் செய்ததை யாரும் தடுத்திருக்க முடியாது. நம் தீக்கு அந்தச் சமாதானத்தை நாம் சொல்லிக்கொள்ள முடியாது, மகன்.

பத்தனையைக் கொளுத்தினால் மழை விழுந்து கொஞ்ச நாளிலே பச்சைப் புல் வரும். தாத்தா காலத்திலிருந்து நடப்பது. மாடு வைத்துப் பிழைக்கிறவனைக் குற்றவாளி மாதிரிப் பேசுகிறீர்களே?
– வாசகர், லுணுகலை

ஐயா, உங்களைக் குற்றவாளி என்று நான் எப்போதும் சொல்லமாட்டேன். மேலே சொன்ன மனிதரும் பால் விற்றுத்தான் பிள்ளைகளைப் படிக்கவைத்தார். நீங்கள் சொல்லும் புல் கணக்கும் சரி. மானாப் புல்லின் தூர் மண்ணுக்குள் இருக்கிறது, மேலே எரிந்தாலும் தூர் சாவதில்லை. முற்றிய தாள் போய் இளந்தளிர் வரும், மாடு விரும்பித் தின்னும்.

ஆனால் தாத்தா காலத்து மலை இப்போது இல்லை. அன்று பத்தனைத் தீ இறங்கி வந்து ஓடைக்கரைக் காட்டின் ஈரத்தில் முட்டி நின்றுவிடும். 1970களுக்குப் பிறகு அந்தச் சரிவுகளில் பைனஸ் நட்டார்கள், டர்பன்டைன் என்று நாம் சொல்லும் யூகலிப்டஸ் மரம் நட்டார்கள். பைனஸ் ஊசி காலடியில் முழங்கால் புதையச் சேர்ந்து கிடக்கிறது, அதற்குள் பிசின். டர்பன்டைன் இலையில் எண்ணெய். உங்கள் புல்லுக்கு வைத்த தீ அதில் ஏறினால் உங்கள் கையில் இல்லை. அதற்குக் கீழே கைவிட்ட தேயிலை, அதற்குக் கீழே லயம்.

தீ அணைந்ததோடும் கதை முடிவதில்லை. ஆகஸ்ட், செப்டம்பரில் மொட்டையான சரிவில் ஒக்டோபர் மழை விழுகிறது. புல்லும் சருகும் இருந்தால் மழைத்துளியின் அடியைத் தாங்கித் தண்ணீரை மெதுவாக மண்ணுக்குள் விடும். கடும் தீயில் வெந்த மேல்மண்ணில் மெழுகு பூசியது மாதிரி ஒரு படை உண்டாகலாம்; தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடும். ஓடும் தண்ணீர் மண்ணைக் கூட்டிக்கொண்டு போகும். உள்ளே இறங்காத தண்ணீர் ஊற்றுக்கும் போய்ச் சேராது. அடுத்த மாசியில் பீலியில் நூலாகத் தண்ணீர் வருகிறது என்று குடத்தோடு வரிசையில் நிற்பது நம் பெண்கள்தான்.

கலிபோர்னியாவின் தெற்கே மொண்டசீட்டோ என்று ஒரு கடற்கரை ஊர். அதுவும் மிதமான, பசுமையான இடம். 2017 டிசம்பரில் அதற்கு மேலே மலையில் பெருந்தீ. ஊர் பெரும்பாலும் தப்பியது, எல்லோரும் மூச்சு விட்டார்கள். 2018 ஜனவரி 9 விடியுமுன், ஐந்தே நிமிடத்தில் 13 மில்லிமீற்றரளவு மழை கொட்டியது. எரிந்த சரிவிலிருந்து சேறும் பாறையும் மரமும் இறங்கி வந்து 23 பேரைக் கொண்டுபோயிற்று. மீரியபெத்தை மண்சரிவை 2014 ஒக்டோபர் 29இல் பார்த்த நமக்கு அந்தச் சேற்றை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. மீரியபெத்தை தீயால் சரியவில்லை, மழையால் சரிந்தது. மழைக்கே சரியும் மலையில் நாம் வேறு போய்ப் போர்வையை உரிக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு வைத்திருக்கும் கணக்கை எல்லோரும் மனப்பாடம் செய்யுங்கள்: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் கவனம், 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற வேண்டும். மேலே மலை எரிந்த வருடத்தில் 150 வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

மாட்டுக்கு என்ன வழி என்று கேட்பீர்கள். மானாவைத் தீக்குக் கொடுக்காமல் அறுத்துவிடுங்கள். முற்றியது தேயிலைக்கும் மரக்கறிப் பாத்திக்கும் மூடாக்கு ஆகும். மாட்டுக்கு வீட்டோரம் சி.ஓ.3 புல்லோ குவாத்தமாலாப் புல்லோ நாலு வரிசை நடுங்கள். கான் ஓரம் நட்டால் மண்ணையும் பிடித்துக்கொள்ளும். ஐந்தாறு மாடு இருந்தால் அது போதாது என்பது எனக்குத் தெரியும். அப்படியானவர்கள் கூடிப் பேசித் தோட்ட நிர்வாகத்திடம் தரிசு நிலம் கேட்க வேண்டும். ஒரு குச்சி கிழிப்பதைவிட அது கஷ்டமான வேலை.

அம்மா தலவாக்கலையில் கொழுந்தெடுக்கிறார். மின்னல் நேரத்திலும் மலையில்தான் நிற்கிறார். என்ன சொல்லி அனுப்ப?
– வாசகி, கொழும்பிலிருந்து

மகள், இதை வெட்டி எடுத்து அம்மாவுக்கு அனுப்புங்கள், முடிந்தால் கொழுந்து நிறுக்கும் மடுவத்திலும் ஒட்டச் சொல்லுங்கள்.

மின்னலைக் கண்டதிலிருந்து இடி கேட்கும்வரை வினாடிக்கு ஒன்றாக எண்ணுங்கள். மூன்று எண்ணினால் ஒரு கிலோமீற்றர். முப்பதுக்குள் கேட்டால் அப்போதே மலையிலிருந்து இறங்க வேண்டும். கூடையில் எத்தனை கிலோ குறைகிறது என்பது அந்த நேரத்துப் பேச்சல்ல. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிந்த பிறகுதான் திரும்ப ஏறலாம்.

நம் பெண்கள் மழைக்குச் சவுக்கு மரத்தடியில் கூட்டமாக ஒதுங்குவார்கள், படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு. மழைக்கு அது சரி, மின்னலுக்கு அதைவிட ஆபத்தான இடம் இல்லை. தேயிலை மலையில் உயர்ந்து நிற்பது அந்த மரம் ஒன்றுதான். மரத்தில் விழும் மின்னல் பக்கத்தில் நிற்பவர்மேல் தாவும். வேர்வழி தரையிலும் பரவும். கட்டடத்துக்குள்ளோ, கொழுந்து லொறிக்குள் கதவைச் சாத்திக்கொண்டோ இருப்பது நல்லது. ஒன்றும் கிட்டாவிட்டால் மரத்தையும் கம்பி வேலியையும் விட்டு விலகி, முகட்டிலிருந்து இறங்கி, கால் இரண்டையும் சேர்த்துவைத்துக் குந்திக்கொள்ள வேண்டும். ஒருவரை ஒருவர் தொடாமல் இடைவெளி விட வேண்டும். கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டியைக் கீழே போட்டுவிடலாம். லயத்துக்கு வந்த பிறகும் வாசல்படியில் நின்று வேடிக்கை பார்ப்பது வேண்டாம், பீலியில் பாத்திரம் கழுவுவதும் வேண்டாம்.

இன்னொன்று. மின்னல் தாக்கியவரைத் தொட்டால் நமக்கும் அடிக்கும் என்று ஒரு பயம் லயங்களில் இன்னும் இருக்கிறது. அந்த உடம்பில் மின்சாரம் தங்காது. உடனே தொடலாம், தொட வேண்டும். மூச்சு இல்லையென்றால் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். எங்கள் தோட்டத்தில் ஒரு பெரியம்மா, பக்கத்தில் பத்துப் பேர் சுற்றி நிற்க, ஒருவரும் தொடாமலே போய்ச் சேர்ந்தார். நான் அப்போது எட்டாம் வகுப்பு.

அந்த ரெட்வுட் மரங்கள் எல்லாம் செத்துவிட்டனவா?
– வாசகர், எல்ல

சாகவில்லை! முதிர்ந்த மரத்தின் பட்டை 30 சென்ரிமீற்றர் வரை தடிப்பு. கிளை, இலை எல்லாம் போய்க் கரித்தூணாக நின்றவை, சில மாதங்களில் அடியிலிருந்து உச்சிவரை தண்டிலேயே பச்சைத் துளிர் விட்டன. பல பத்தாண்டுகளுக்கு முன் சேமித்துவைத்த சத்தை எடுத்துத்தான் அந்தத் துளிர்களை விட்டிருக்கின்றன என்று 2023இல் ஓர் ஆய்வு வந்தது. கூடவே நின்ற டக்ளஸ் ஃபர் மரங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, ஏராளமாகச் செத்தன. பூங்காவை 2022 ஜூலையில் கொஞ்சமாகத் திறந்தார்கள். மகள் பிள்ளையோடு போய்வந்தாள். மரங்கள் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி நிற்கின்றனவாம்.

நம்மிடமும் இப்படித் தாங்குபவை உண்டு. பிபிலைப் பக்கத்து மேட்டுப் புல்வெளிகளில் கடுக்காய், தான்றி, நெல்லி நிற்கின்றனவே, தடித்த பட்டையால்தான் அடிக்கடி வரும் தீயில் பிழைக்கின்றன. ஹோட்டன் சமவெளியில் சிவப்பாகப் பூக்கும் மகாரத்மல் மரமும் அப்படித்தான். ஆனால் அதே சமவெளியின் முகில்காட்டு மரங்களுக்குத் தீப் பழக்கமே இல்லை. அவை எரிந்தால் நம் ஆயுளில் திரும்பி வராது.

இதெல்லாம் காலநிலை மாற்றம்தான் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், பதுளை

ஓர் இடியை எடுத்து இது அதனால் வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் இடி விழும் மலை எந்த அளவுக்குக் காய்ந்திருக்கிறது என்பதில் சூடேறும் பூமிக்குப் பங்கிருக்கிறது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. காற்றில் சூடு ஏற ஏறச் செடியிலிருந்தும் சருகிலிருந்தும் அது உறிஞ்சும் ஈரமும் கூடுகிறது. வடகலிபோர்னியாக் கரையில் கோடைப் பனிமூட்டம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்று 2010இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அதைப் படித்த அன்று நான் வாசலில் போய் நின்று தங்கமலைப் பக்கம் பார்த்தேன். நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூடம் விடும் நேரம் பனி இறங்கி, முன்னால் போகும் பிள்ளையின் புத்தகப்பைதான் தெரியும். என் கண்ணால் கண்டதை வைத்து அளவு சொல்லக் கூடாது. ஆனாலும் என் வகுப்புத் தோழிகள் எல்லோரும் அதையே சொல்கிறார்கள்.

பத்தனையில் தீ வந்தால் முயல் எந்தப் பக்கம் ஓடும் டீச்சர்? எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மேலே பத்தனை இருக்கிறது. கீழே ஓடை இருக்கிறது.
– ஐந்தாம் வகுப்பு மாணவி, ஹல்துமுல்லை

செல்லம், தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஓடும். சுவாலை சரிவோடு சாய்ந்து மேலேயுள்ள புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடும். சரிவு பத்துப் பாகை கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். மேலே ஓடுகிற முயலைத் தீ பிடித்துவிடும். வளைக்குள் புகுந்ததும், பக்கவாட்டில் ஓடி ஓடைக்கு இறங்கியதும் பிழைக்கும். நீங்களும் எப்போதாவது மாட்டிக்கொண்டால் மலைமேல் ஏறாதீர்கள். பக்கமாக விலகி ஓடைக்கு இறங்குங்கள், அல்லது ஏற்கெனவே எரிந்து ஆறிய கறுப்பு நிலத்துக்குப் போய்விடுங்கள். அங்கே திரும்ப எரிய ஒன்றுமில்லை. சின்னப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்துக்கும் பத்தனைக்கும் நடுவில் புல் செதுக்கிய பாதை இருக்கிறதா, எத்தனை அடி அகலம் என்று பார்த்து எழுதுங்கள். அந்த ஓடைக்கு ஒரு பெயர் இருக்கும், வீட்டில் பாட்டியிடம் கேட்டு அதையும் எழுதுங்கள்.